கல்லீரலுக்கு மூலிகை மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் (நொதி) கொஞ்சம் கூடியிருந்தால் போதும், இல்லை ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ (கல்லீரலில் கொழுப்பு) என்று ஒரு வரி வந்தால் போதும், அன்றைக்கே யாராவது ஒரு மூலிகையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த யோசனைகளில் சிலது உருப்படியானது, சிலதால் ஒரு பயனும் இல்லை, சிலது கல்லீரலையே கெடுத்துவிடும். எது எந்த ரகம் என்று தெரியாமல்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூலிகையும் மருந்துதான், என்ன நோய் என்று தெரிவதற்கு முன்னால் மருந்து சாப்பிடக்கூடாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

இயற்கையான செடிதானே, அது எப்படிக் கல்லீரலைக் கெடுக்கும்?

நாம் விழுங்குவதில் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்பட்டதும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். செடியில் இருக்கும் வேதிப்பொருள் என்றாலும் தொழிற்சாலையில் செய்த மாத்திரை என்றாலும் கல்லீரலில் இருக்கும் நொதிகளுக்கு இரண்டும் ஒன்றுதான், உடைத்து வெளியேற்ற வேண்டிய ஒரு பொருள். அப்படி உடைக்கும்போது சில சமயம் மூலப்பொருளைவிட மோசமான ஒன்று உருவாகிறது. காம்ஃப்ரே என்ற செடியில் இருக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் அப்படித்தான், கல்லீரலுக்குள் போய் மாறிய பிறகு அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். எடை குறைக்க ஜெர்மாண்டர் மூலிகையைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததால் பிரான்ஸ் 1992-இல் அதைத் தடை செய்தது.

அமெரிக்காவில், மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் ஓர் ஆய்வு வலையமைப்பு இருக்கிறது. அதன் கணக்கில் மூலிகைகளாலும் சப்ளிமெண்ட்களாலும் வந்த பாதிப்பு 2004 வாக்கில் நூற்றுக்கு 7 ஆக இருந்தது, பத்தே ஆண்டுகளில் 20 ஆனது. அதற்காக எல்லா மூலிகையும் விஷம் என்று முடிவுகட்ட வேண்டாம். ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘கல்லீரலைச் சுத்தம் செய்வது’ என்று ஒன்று உண்டா?

இல்லை. கல்லீரல் அழுக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் உறுப்பு இல்லை. சுமார் ஒன்றரைக் கிலோ எடையில், வலது பக்க விலா எலும்புகளுக்கு அடியில் இருந்துகொண்டு, அமோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பும், பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் மஞ்சள் நிறக் கழிவான பிலிருபினைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளும், ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தயாரிக்கும், சர்க்கரையைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கும். தானம் கொடுப்பதற்காகப் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இவ்வளவு வலிமையான உறுப்புக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அதைக் கெடுப்பதை நிறுத்துவதுதான்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பித்தக்கற்கள் வெளியே வருகிறதே, கண்ணால் பார்த்தேனே?

பார்த்தது உண்மை. ஆனால் அது கல் இல்லை. ‘லிவர் ஃப்ளஷ்’ என்ற பெயரில் சுற்றும் இந்த முறையை ஒரு பெண் செய்து பார்த்து, மலத்தில் வந்த பச்சை உருண்டைகளை மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த விவரம் 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர் குடித்தது 600 மில்லி ஆலிவ் எண்ணெய், 300 மில்லி எலுமிச்சைச் சாறு. மருத்துவர்கள் அந்த உருண்டைகளைச் சூடுபடுத்தினால், 40 டிகிரியிலேயே உருகிப் பச்சை எண்ணெயாக ஓடிவிட்டது. பித்தக்கல் அப்படி உருகாது. பரிசோதித்ததில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை, கால்சியமும் இல்லை. முக்கால்வாசி கொழுப்பு அமிலம். அதாவது, குடித்த எண்ணெயே குடலுக்குள் சாற்றோடு சேர்ந்து சோப்பு மாதிரி திரண்டு உருண்டையாகி வெளியே வந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன, பிறகு அறுவை செய்துதான் எடுத்தார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவ்வளவு எண்ணெய் ஒரே நேரத்தில் உள்ளே போனால் பித்தப்பை பலமாகச் சுருங்கும். உள்ளே நிஜமாகவே சிறு கல் இருந்தால் அது நகர்ந்து பித்தக்குழாயில் போய் மாட்டிக்கொள்ளலாம், கணைய அழற்சி வரைக்கும் போகலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணமாக்குமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஏன் ஏறியது என்பதைச் சொல்லாது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் ஏறும், கல்லீரல் செல்கள் வீங்கினாலும் ஏறும், பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மஞ்சள்தான். வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு.

பெரும்பாலானவர்கள் பார்த்திருக்கும் காமாலை ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸால், அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருவது. ஆரோக்கியமானவர்களுக்கு இது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கத் தொடங்கும், பசி திரும்பும், சிறுநீர் வெளுக்கும். கீழாநெல்லி குடித்தாலும் இப்படித்தான் நடக்கும், குடிக்காவிட்டாலும் இப்படித்தான் நடக்கும். குடித்தவர் குணமானதும் பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த நம்பிக்கை இப்படித்தான் வலுப்பட்டது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆபத்து எங்கே என்றால், அதே நம்பிக்கையோடு வேறு வகைக் காமாலைக்கும் குடித்துக்கொண்டு காத்திருப்பதில்தான். மலம் களிமண் நிறத்தில் வெளுத்துப் போகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது என்றால் பித்தக்குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அடைப்பை எந்தச் சாறும் எடுக்காது. கட்டியால் வந்த அடைப்பாக இருந்தால், மூலிகை குடித்துக் காத்திருந்த அந்த ஆறு வாரம்தான் அறுவை செய்யக்கூடிய கட்டத்துக்கும் செய்ய முடியாத கட்டத்துக்கும் இடையிலான வித்தியாசமாக ஆகிவிடலாம். காசநோய் மாத்திரை எடுப்பவருக்குக் காமாலை வந்தால் காரணம் அந்த மாத்திரையாகவே இருக்கலாம், அவர் மருந்து கொடுத்த மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

ஆக, என் பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். வைரஸ் ஏ அல்லது ஈ என்று தெரிந்து, மருத்துவரும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, அவருக்குத் தெரிய கீழாநெல்லி எடுப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை.

ஹெபடைடிஸ் பி-யையே கீழாநெல்லி ஒழித்துவிடும் என்று ஆய்வு இருக்கிறதாமே?

இருக்கிறது, அதன் முழுக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க் இந்தச் செடியின் மேல் ஆர்வம் காட்டியவர்களில் ஒருவர். 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து அவர் செய்த ஒரு முதல்கட்ட ஆய்வு லான்செட் இதழில் வெளியானது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி, நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது.

அதற்கப்புறம் வேறு இடங்களில், வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசி, கீழாநெல்லி வகைச் செடிகளால் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குப் பயன் என்று சொல்ல நம்பும்படியான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. முதல் ஆய்வைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பின்னால் நடந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு வருத்தம் அதுதான். இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. வைரஸை முழுதாக ஒழிக்காவிட்டாலும் அடக்கி வைக்கும், கல்லீரல் சுருங்குவதையும் புற்றுநோய் அபாயத்தையும் குறைக்கும். ஹெபடைடிஸ் சி என்றால் 8 முதல் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறார்கள். இப்படிப்பட்ட மருந்துகள் கையில் இருக்கும்போது சாற்றை மட்டும் நம்பி இருப்பது சரியில்லை.

கீழாநெல்லியைச் சரியாக அடையாளம் காண்பது எப்படி?

ஒரு முழ உயரம் வளரும் சிறு செடி. இணுக்கில் இரு பக்கமும் சின்னச் சின்ன நீள்வட்ட இலைகள் வரிசையாக இருக்கும். இணுக்கைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், இலைகளுக்குக் கீழே கடுகை விடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டைகள், சிறு காம்போடு வரிசையாகத் தொங்கும். காய் மழுமழுவென்று இருக்கும். தண்டில் செம்மை ஓடி, காய்க்குக் காம்பே இல்லாத மாதிரி ஒட்டி, மேல்தோல் சொரசொரவென்று இருந்தால் அது அதே குடும்பத்தின் வேறு இனம். பச்சைச் செடியில் இதையெல்லாம் பார்க்கலாம். காய்ந்து பொடியான பிறகு பார்வையால் சொல்லவே முடியாது, அங்கேதான் கலப்படம் நடக்கிறது. சாலையோரத்திலும் பூச்சிமருந்து அடிக்கும் வயலிலும் சாக்கடை ஓரத்திலும் பறித்ததை எடுக்காதீர்கள்.

கரிசலாங்கண்ணி, நிலவேம்பு, கடுகுரோகிணி, மூக்கிரட்டை?

நான்கும் பாரம்பரிய வைத்தியத்தில் ஈரலுக்குச் சொல்லப்பட்டவை. கரிசலாங்கண்ணியில் வெடெலோலாக்டோன், நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று வேலை செய்யக்கூடிய பொருள்கள் இருப்பதும் உண்மை. கடுகுரோகிணியிலிருந்து ‘பிக்ரோலிவ்’ என்ற சாரத்தை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பிரித்தெடுத்து நிறைய ஆராய்ந்தது.

ஆனால் ‘கல்லீரலைக் காப்பதாக நிரூபணம்’ என்று போட்டிருக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளில் செய்தவை. வழக்கமான முறை இது: எலிக்குச் சில நாள் மூலிகைச் சாரத்தைக் கொடுப்பார்கள், பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நஞ்சை ஏற்றுவார்கள், மூலிகை எடுக்காத எலியைவிட இதற்குப் பாதிப்பு குறைவா என்று பார்ப்பார்கள். மனிதர்கள் வருவது நோய் வந்த பிறகு. பல வருடக் கொழுப்போ குடியோ வைரஸோ படுத்திய கல்லீரலோடு வருகிறார்கள். நஞ்சுக்கு முன்னால் மருந்து எடுத்துக்கொண்ட எலியின் முடிவை அப்படியே அவர்களுக்குப் பொருத்த முடியாது. மனிதர்களில் செய்த ஆய்வுகள் கொஞ்சம்தான், அவையும் சிறியவை.

கரிசலாங்கண்ணியைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவது வேறு விஷயம், அது உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். கடுகுரோகிணி இமயமலையின் உயரமான பகுதிகளில் வளர்வது, தோண்டித் தோண்டி அருகிவிட்டதால் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கிராக்கி அதிகம், சரக்கு குறைவு என்றால் போலியும் கூடவே வரும்.

மில்க் திஸில் மாத்திரை எடுக்கலாமா?

கல்லீரல் மூலிகைகளில் மனிதர்களிடம் அதிகம் ஆராயப்பட்டது இதுதான். இந்த முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின்தான் இதன் மருந்துப் பொருள். பக்கவிளைவு பெரிதாக இல்லை, சிலருக்கு வயிறு இளகும், சிலருக்கு ஒவ்வாமை வரலாம். பயன்? 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹெபடைடிஸ் சி இருந்த 154 பேருக்கு வழக்கத்தைவிட அதிக அளவில், 420 அல்லது 700 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எஸ்ஜிபிடி, மருந்தில்லாத வெறும் மாத்திரையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறையவில்லை. ஃபேட்டி லிவரில் என்சைம் அளவு கொஞ்சம் இறங்கியதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. அதனால் கல்லீரலில் விழுந்த தழும்பு குறைகிறதா, ஆயுள் கூடுகிறதா என்பதற்குச் சான்று இல்லை.

இதற்கு ஓர் உறுதியான இடமும் உண்டு. ‘டெத் கேப்’ என்ற நச்சுக் காளானைச் சாப்பிட்டவர்களுக்கு ஐரோப்பாவில் இதன் சாரமான சிலிபினினை ஊசியாக நரம்பில் ஏற்றுகிறார்கள், அந்த நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழைவதை அது தடுக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசியாகக் கொடுப்பதை வைத்து, கடையில் வாங்கும் மாத்திரைக்கும் அதே சக்தி என்று நினைக்க வேண்டாம்.

மஞ்சள்? அதில் என்ன தப்பு?

சமையலில் போடும் மஞ்சளில் ஒரு தப்பும் இல்லை. கேப்ஸ்யூல் வேறு. மஞ்சளில் இருக்கும் குர்குமின் சாதாரணமாக உடம்பில் மிகக் குறைவாகத்தான் சேரும். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு ஏறுகிறது என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ‘அதிக உறிஞ்சுதல்’ என்ற பெயரில் கேப்ஸ்யூல்கள் வர ஆரம்பித்தன. கல்லீரல் பாதிப்புகளும் அதன் பின்னாலேயே வந்தன. முன்பு சொன்ன அமெரிக்க வலையமைப்பு 2022-இல் மஞ்சளால் கல்லீரல் கெட்ட 10 பேரின் விவரத்தை வெளியிட்டது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்துவிட்டார். பத்தில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, உடல்வாகு பொருந்தாத சிலருக்கு மோசமாகப் போகும். நீங்கள் எந்தப் பக்கம் என்பது கேப்ஸ்யூலைச் சாப்பிடும் முன்னால் உங்களுக்குத் தெரியாது.

பச்சைத் தேயிலைச் சாரமும் இதே கதைதான். தேநீராகக் குடித்தால் பிரச்சினை இல்லை. சாரமாக, நாளுக்கு ஈஜிசிஜி என்ற பொருள் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால் கல்லீரல் என்சைம் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. அமுக்கராவாலும் (அஸ்வகந்தா) கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன, மஞ்சள் காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் அதன் அடையாளம்.

சீந்தில் எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்கிறார்கள், கல்லீரலுக்கும் நல்லதா?

இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயமும் மாத்திரையும் வீடு வீடாகப் போனது. அதன் பிறகு இந்தியாவில் 13 மருத்துவமனைகளில் சீந்திலால் கல்லீரல் பாதித்த 43 பேரின் விவரம் 2022-இல் ஆய்விதழில் வெளியானது. பலருக்கும் வந்தது ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் போன்ற நிலை, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்குவது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் செடி என்றால், அது எந்தப் பக்கம் தூண்டும் என்பது நம் கையில் இல்லை. தைராய்டு, முடக்குவாதம், லூபஸ் மாதிரி ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்கள் சீந்தில் பக்கமே போக வேண்டாம்.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, சீந்திலைப் போலவே இருக்கும் டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு கொடியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்று சொன்னது. அந்தக் கொடியின் தண்டு முழுக்கப் பரு பருவாக இருக்கும். அந்த வாதம் சரி என்றே வைத்துக்கொண்டாலும், பொட்டலத்தில் இருப்பது எந்தக் கொடி என்று வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஃபேட்டி லிவருக்கு நல்ல மூலிகை சொல்லுங்களேன்.

உடல் எடை. இது மூலிகை இல்லைதான், ஆனால் இதற்கு நிகரான மருந்தும் இல்லை. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமே தணியும். 80 கிலோ இருப்பவர் 72-க்கு வந்தால் போதும், அதுவும் மெதுவாக. பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் பித்தக்கல் வரும்.

தாவரங்களில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் காபியைச் சொல்வேன். ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கில், தினமும் கூடுதலாக இரண்டு கப் காபி குடிப்பவர்களுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) அபாயம் 44 சதவீதம் குறைவாக இருந்தது. காபிதான் காரணம் என்று நிரூபிக்கும் ஆய்வு முறை இல்லை இது. ஆனாலும் நாடு நாடாக ஒரே பக்கம் காட்டுகிறது. சர்க்கரை அள்ளிப்போட்டுக் குடித்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

கிரேடு 1, கிரேடு 2 என்று ஸ்கேனில் வருவது கொழுப்பின் அளவை மட்டும்தான் காட்டும். முக்கியமானது தழும்பு. வயது, எஸ்ஜிஓடி என்ற இன்னொரு என்சைம், எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்குப் போடலாம், அது கூடுதலாக வந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பார்கள். தழும்பு ஏறியவர்களுக்கு அமெரிக்காவில் 2024-இல் ரெஸ்மெடிரோம் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது, இந்த நோய்க்கென்றே வந்த முதல் மருந்து அது.

குடிப்பதை விட முடியவில்லை. கூடவே ஏதாவது மூலிகை எடுத்தால் தாங்குமா?

தாங்காது. அப்படி ஒரு மூலிகை கிடையாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அதனால் மருத்துவர் உதவியோடு நிறுத்துங்கள். நிறுத்தியவர்களின் கல்லீரல் எவ்வளவு தூரம் திரும்பி வருகிறது என்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

காமாலைக்கு உப்பில்லாப் பத்தியம் இருக்க வேண்டுமா?

சாதாரண வைரஸ் காமாலைக்குத் தேவையில்லை. உப்பையும் எண்ணெயையும் புரதத்தையும் ஒரேயடியாக நிறுத்தி, ஏற்கெனவே பசியில்லாமல் துவண்டு கிடப்பவரை இன்னும் துவளவைப்பதில் என்ன பயன்? குமட்டல் இருக்கும்வரை எண்ணெய்ப் பண்டம் பிடிக்காது, அவ்வளவுதான். பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும்.

உப்பைக் குறைக்க வேண்டியது சிரோசிஸ் வந்து வயிற்றில் நீர் கோத்தவர்கள்தான். அவர்களுக்குக்கூடப் புரதத்தைக் குறைக்கக்கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை நாளுக்குப் புரதம் வேண்டும், இரவு படுக்கும் முன் சிறிதளவு உணவும் வேண்டும். இல்லையென்றால் தசை கரைந்துவிடும். பத்தியம் என்ற பெயரில் சிரோசிஸ் நோயாளிகளை எலும்பும் தோலுமாக்கிவிடுகிறார்கள், மனது கேட்கவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்து எடுக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம். அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்கு இது இரட்டை ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் மஞ்சள் கேப்ஸ்யூல் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் எந்த மூலிகையும் தொடவே கூடாது. சீன வைத்தியத்தில் கல்லீரலுக்குக் கொடுக்கும் ஸ்கிசாண்ட்ரா, புது ஈரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை அதே அளவை இறக்கிவிடும், இரண்டுமே புது ஈரலுக்கு ஆபத்து.

பஸ்பம், செந்தூரம்?

வேண்டாம். இவை உலோகங்களையும் தாதுக்களையும் சுட்டுச் செய்பவை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது, உலோகம் சேர்த்துச் செய்யும் வகைகளில் இது இன்னும் அதிகம். நோய்ப்பட்ட கல்லீரலோடு இந்தச் சோதனை தேவையில்லை.

எல்லாம் சரி, நான் மூலிகை எடுக்கத்தான் போகிறேன். எப்படி எடுப்பது?

தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கம் வேண்டும். பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் போங்கள், அறிக்கையைக் காட்டுங்கள், அதைப் படித்துப் பார்க்காமலே மருந்து கொடுப்பவராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. பதினைந்து இருபது சரக்கு கலந்த சூரணத்தில் கெட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு வாரத்தில் மறுபடியும் பரிசோதனை. எஸ்ஜிபிடி ஏறியிருந்தால் நிறுத்துங்கள், ‘நச்சு வெளியேறுகிறது, முதலில் ஏறித்தான் இறங்கும்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எஸ்ஜிபிடி இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் சேர்ந்து ஏறியிருந்தால், அந்த நிலைக்குப் போனவர்களில் பத்தில் ஒருவருக்கு உயிர் ஆபத்து என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

சாப்பிட்ட மருந்தின் அட்டையையும் மீதியையும் தூக்கிப் போடாதீர்கள், பாதிப்பு வந்தால் அதைச் சோதித்துத்தான் காரணம் கண்டுபிடிப்பார்கள். மருத்துவர் திட்டுவார் என்று மூலிகை எடுத்ததை மறைக்கவும் வேண்டாம், மறைத்தால் அவர் தேவையில்லாத சோதனைகளில் நாளைக் கடத்த வேண்டியிருக்கும்.

கண் மஞ்சளா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நின்று, கீழ்ப்பார்வை பார்க்கச் சொல்லி மேல் இமையை மெதுவாகத் தூக்கி வெள்ளை விழியைப் பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் ஏமாந்துவிடுவீர்கள். பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 2.5 அல்லது 3 மில்லிகிராம் வந்தால்தான் கண்ணில் தெரியும். உள்ளங்கை மட்டும் மஞ்சளாக இருந்து கண் வெள்ளையாக இருந்தால் அது கேரட், பப்பாளி நிறையச் சாப்பிட்டதால் இருக்கலாம்.

எப்போது எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காமாலையோடு பேச்சு குழறுவது, பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, ரத்த வாந்தி, மலம் தார் மாதிரி கருப்பாகப் போவது, ஈறில் ரத்தம் கசிவது, குளிர்க்காய்ச்சல், வயிறு வீங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் வேறு அறிகுறி எதற்கும் காத்திருக்க வேண்டாம், கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறந்துபோக வாய்ப்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால் சாறு, சங்கு மருந்து எதுவும் வாயில் வைக்காமல் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், பிலிருபின் அளவுக்கு மீறினால் மூளையைத் தாக்கும்.

எனக்கு ஒன்றும் இல்லை. முன்னெச்சரிக்கையாக ஏதாவது எடுக்கலாமா?

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து வைரஸ் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், கையோடு ஹெபடைடிஸ் சி-க்கும் பார்த்துவிடுங்கள். அப்புறம் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. வீட்டில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், மற்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.